முப்பத்தொரு கை

ஜூலை 7, திங்கள்

நான்காம் வகுப்பின் ஓவிய வேளையை இன்றும் கணக்கு விழுங்கிவிட்டது. தொடர்ந்து மூன்றாவது வாரம். தாள்களையும் டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறிப் போனால், கரும்பலகை முழுக்க வகுத்தல். சிவப்புப் பேனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (அந்த வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். எனக்கும் அதுவே வாயில் வருகிறது.) "பத்தே நிமிஷம், முடிச்சிடறேன்" என்றாள். பத்து நிமிஷம் நாற்பது ஆயிற்று. அதுவரை வராண்டாவில் நின்றேன், வீடு வீடாக ஏதோ விற்க வந்தவள் மாதிரி.

கணக்கு வேளையில் நான் போய், "பத்து நிமிஷம், ஒரு யானை வரைஞ்சிட்டுப் போறோம்" என்றால் விடுவார்களா? ஓவியம் என்றால் அவ்வளவு இளக்காரம்.

பஸ் ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "இன்னிக்கு யாரு மாட்டினாங்க?" இவருக்கு என் கோபம் ஒரு பொழுதுபோக்கு.

ஜூலை 9, புதன்

பதிலுக்கு ஒரு கணக்கு வேளையைப் பிடுங்கினேன். சண்டை போட்டுத்தான்.

குகைக் கைகளைப் பற்றிச் சொன்னேன். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் மனிதர்கள் இருட்டுக் குகைக்குள் போய், பாறையில் கையை விரித்து வைத்து, அதன்மேல் வாயால் வண்ணத்தை ஊதினார்கள். கையை எடுத்தால் கை இருந்த இடம் மட்டும் அப்படியே நிற்கும். ஈ பறந்தால் கேட்கும், அப்படி உட்கார்ந்திருந்தார்கள் முப்பத்தொரு பேரும்.

"பேர் எழுதலையா டீச்சர்?"

"அப்ப எழுத்தே கிடையாது."

"அப்ப யாரு கைன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. யாருக்குமே தெரியாது."

"ஐ!" என்றது வகுப்பு. பெயர் போடாவிட்டால் திட்டு வாங்கும் பிள்ளைகள் அல்லவா. அவர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

நாங்களும் வாயால் ஊதுகிறோம் என்று ஒரே கெஞ்சல். ஆளுக்கு ஆள் முகத்தில் துப்பிக்கொள்ளவா? பழைய பல் பிரஷ் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

செங்கல்லை இடித்துச் சலித்துப் பசைத் தண்ணீரில் கரைத்தாயிற்று. டீ வடிகட்டி போயே போச்சு. புதுசு வாங்கும்வரை வீட்டில் டீயில் தூள் மிதக்கும். மிதக்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை இப்படி ஒரு நாள் வாய்க்கும்!

சார்ட் தாள் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தும் அலுவலகத்தில் அசையவில்லை. அதனால் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம். இடது கையை விரித்து வைத்து, பிரஷ்ஷைக் கரைசலில் நனைத்து, அடிக்கோலில் தேய்த்தால் பொடிப்பொடியாகத் தெறிக்கும். ஒருத்தன் தாத்தாவின் பிரஷ்ஷையே எடுத்து வந்துவிட்டான். "தாத்தா தேட மாட்டாராடா?" "அவருக்குப் பல்லே இல்ல டீச்சர்." கரைசல் சட்டையில், சுவரில், ஒருத்தியின் காதுக்குள்.

ஜன்னலோரம் மட்டும் கடைசிவரை ஆரம்பிக்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்காரும் அந்தப் பெண்ணை மனசுக்குள் நான் அப்படித்தான் கூப்பிடுவது. நாலு வயசில் இரும்புக் கேட்டில் நசுங்கி, இடது கை மோதிர விரலில் பாதி போய்விட்டது. எப்போதும் அந்தக் கை டெஸ்க்குக்குக் கீழேதான். பக்கத்தில் போய், "வை, ஒண்ணும் ஆகாது" என்றேன். வைத்தாள். கையை எடுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நிஜக் குகைகளில் அப்படியே இருக்கிறதே! விரல் குறைந்த கைகள் வரிசையாக இருக்கின்றன. வெட்டுப்பட்டதா, மடக்கி வைத்தார்களா, ஏன் என்று யாருக்கும் தெரியாது.

தாளைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினேன். "பாருங்க பிள்ளைங்களா! இதுதான் அசல் குகைக் கை. உங்க யாருக்கும் இது வராது!"

முப்பது தலைகளும் திரும்பின. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம். சந்தோஷம் தாங்காவிட்டால் பிள்ளைகள் அப்படித்தான்.

ஜூலை 16, புதன்

தலைமை ஆசிரியைக்குப் பிடிக்கவில்லையாம். "என்ன இது, யாரோ அழுக்குக் கையைச் சுவர்ல துடைச்ச மாதிரி? வெள்ளிக்கிழமை விட்டு அடுத்த வெள்ளி கல்வி அதிகாரி வர்றார், பெற்றோர் எல்லாம் வர்றாங்க. ஒரு பூஜாடி, ஒரு சூரிய உதயம், கண்ணுக்கு அழகா ஏதாவது..."

சூரிய உதயம்! போன வருஷக் கண்காட்சியை நான் மறக்கவில்லை. போர்டு எழுதுகிற ஆளைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் படங்களை எல்லாம் 'லேசாக' சரிசெய்ய வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் இருபத்தெட்டு சூரியனும் ஒரே அச்சு. ஒரு பையன் தன் படத்தை அடையாளம் தெரியாமல் தேடிக்கொண்டிருந்தான். பெற்றோர்களோ, "எம் பையனா போட்டான்!" என்று போட்டோ எடுத்துத் தள்ளினார்கள்.

முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். "பிள்ளைங்க படத்துல பெரியவங்க பிரஷ் பட்டுச்சுன்னா, அன்னிக்கே நான் வேலையை விட்டுடறேன் மேடம்."

"சரி சரி, கத்தாதீங்க. ஹால்ல வடக்குச் சுவரை எடுத்துக்குங்க. அதிகாரி கேட்டா பதில் நீங்கதான் சொல்லணும்."

சொல்வேன். பயமா எனக்கு?

ஜூலை 18, வெள்ளி

முப்பத்தொரு கையும் சுவரேறிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர் அட்டை. நட்டநடுவில் ஜன்னலோரத்தின் கை, அதற்கு மட்டும் கறுப்புத் தாளில் சட்டம்.

ஹால் வாசலில் நின்று பார்த்தாள். "நடுவுலயா டீச்சர்?"

"ராணி மாதிரி, நடுவுல" என்றேன்.

ஜூலை 21, திங்கள்

காலையில் ஹாலைத் திறந்து பார்த்தேன்.

விரல் முளைத்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் கையில், இல்லாத பாதி விரலை யாரோ வரைந்து முடித்திருக்கிறார்கள்! தாள் பழுப்பு வெள்ளை, அந்த விரல் மட்டும் பளீரென்று. சுரண்டிப் பார்த்தேன், பொடியாக வந்தது. ஒயிட்னர்.

ஒயிட்னர்! பதிவேட்டில் தப்பை மறைக்கிற சாமான்! அப்படியென்றால் அந்தப் பிள்ளையின் கை இவர்கள் கணக்கில் ஒரு எழுத்துப் பிழையா? திருத்தி, மேலே ஊதிக் காயவைத்துவிட்டால் சரியாகிவிடுமா? எப்படி மனசு வந்தது, ச்சே.

அலுவலகத்தில் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகி இரண்டு வருஷம். பள்ளியில் ஒயிட்னர் பாட்டில் இருப்பது ஒரே ஒரு மேஜையில்தான். சிவப்புப் பேனாவின் மேஜையில்.

ஜூலை 22, செவ்வாய்

ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன். வேண்டுமென்றேதான்.

"இந்த ஒயிட்னர் உங்களுதுதானே?"

"ஆமா."

"ஹால்ல அந்த விரலைப் போட்டது இதாலதானே?"

கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. இதாலதான்."

"வெட்கமா இல்ல உங்களுக்கு? ஒரு பச்சப் பிள்ளையோட கையில கொறை கண்டுபிடிச்சுத் திருத்தறீங்களே, நீங்கல்லாம் டீச்சரா?" இன்னும் என்னென்னவோ, வாய்க்கு வந்தபடி. விளையாட்டு மாஸ்டர் கிளாஸைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு வார்த்தை பதில் சொல்ல வேண்டுமே! இல்லை என்று சொல்லலாம், மன்னிப்பு கேட்கலாம், திருப்பித் திட்டவாவது செய்யலாம். நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். சரியான கல்லுளிமங்கி.

ஜூலை 23, புதன்

தலைமை ஆசிரியைக்குப் புகார் எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். 'மனிதாபிமானமற்ற' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது, இருக்கட்டும்.

வீட்டுக்காரர் படித்துப் பார்த்தார். "அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?"

"எந்தப் பொண்ணு?"

"கை யாருதோ, அந்தப் பொண்ணு."

"நல்லா இருக்கே! சின்னப் பிள்ளைகிட்ட போய் இதைக் கேக்கச் சொல்றீங்களா? மனசு உடைஞ்சிடாதா?"

"சரி, விடு" என்று தட்டைக் கழுவப் போய்விட்டார். இவருக்கு என்ன தெரியும்?

ஜூலை 24, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலையில் புகாரைக் கொடுக்கச் சீக்கிரமே போனேன். ஹாலில் தன் கைக்கு எதிரே நின்றிருந்தாள் ஜன்னலோரம். தோளில் கை வைத்து, "கவலைப்படாதே கண்ணு. இதைப் பண்ணினவங்களை நான் சும்மா விடமாட்டேன்" என்று காகிதத்தை ஆட்டிக் காட்டினேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது.

"எங்க கிளாஸ் டீச்சரைத் திட்டாதீங்க டீச்சர். நான்தான் போட்டேன்."

காதில் விழுந்தது, புத்திக்கு ஏறவில்லை. "நீயா? ஏன்டா?"

"அன்னிக்கு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கல்ல. இப்ப எல்லார் அப்பா அம்மாவும் வருவாங்க. நடுவுல வேற இருக்கு." காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "முன்னாடி யாரும் பாக்க மாட்டாங்க டீச்சர். மறந்தே போயிட்டாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

அடிப்பாவி என்று என்னைத்தான் சொல்லிக்கொண்டேன். போர்டு எழுதுகிறவன் சூரியனைத்தான் கெடுத்தான். நான் ஒரு பிள்ளையின் கையையே தூக்கிப் பிடித்து ஊருக்குக் காட்டினேன், ஒரு வார்த்தை கேட்காமல். அவள் டெஸ்க்குக்குக் கீழே வைத்திருந்ததை நான் சட்டம் போட்டு மாட்டினேன்! அதற்கு அட்டை வேறு, பெயரோடு!

"இப்ப என்ன பண்ணலாம், நீ சொல்லு. எடுத்துடட்டுமா?"

தாளுக்குக் கிட்டப் போனாள். பிறகு நகத்தால் ஒயிட்னரைச் சுரண்ட ஆரம்பித்தாள். "எடுக்க வேணாம். விரல்தான் வேணாம். கோணலா வந்திருக்கு, எனக்கே பிடிக்கல." கூடவே கொஞ்சம் செங்கல் நிறமும் உதிர்ந்தது. மிச்சமிருந்த கரைசலை எடுத்து வந்து கொடுத்தேன்; அந்த இடத்தில் தானே பிரஷ்ஷால் மறுபடி தெளித்துக்கொண்டாள். "நடுவுலயும் வேணாம். கறுப்புச் சட்டமும் வேணாம். பேரும் வேணாம். குகையில பேரே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். முப்பத்தொரு அட்டையையும் கழற்றினோம். அவள் கை கீழிருந்து இரண்டாவது வரிசைக்குப் போயிற்று. ஜன்னல் பக்கம்.

பிறகு மாடி ஏறினேன். படிகள் இன்றைக்கு அதிகமாக இருந்தன. இந்த நோட்டில் இனி அந்தப் பட்டப்பெயர் வராது. நாலாம் வகுப்பு டீச்சர் தனியாக உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையே எல்லாம் சொல்லிவிட்டாள் என்றேன்.

"அவ வந்து கேட்டா, எதுக்குன்னும் சொன்னா. குடுத்தேன்" என்றார். "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா. சொல்லல."

"அத்தனை பேர் முன்னாடி நான் திட்டினேனே, அப்பக்கூடவா?"

"திட்டினீங்க. காதுல விழுந்துச்சு." பேனாவை மூடினார். "ஆசிரியர் அறையில நான் பதில் சொன்னா அது வராண்டா தாண்டி வகுப்புக்குப் போயிடும். அந்தப் பிள்ளையால மறுபடி தலை நிமிர முடியுமா?"

மன்னிப்பு கேட்டேன். நாளைக்கு ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் மறுபடி கேட்கிறேன் என்றேன்.

"என்னன்னு கேப்பீங்க? அவளைப் பத்திச் சொல்லாம கேக்க முடியுமா? வேணாம். அப்படியே இருக்கட்டும்." பிறகு, "அதுக்குப் பதிலா திங்கட்கிழமை உங்க பீரியடை எனக்குக் குடுத்துடுங்க" என்றார். என்ன தைரியம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் வந்து செருப்பைக் கழற்றினார். "இன்னிக்கு யாரு மாட்டினாங்க?"

"நான்" என்றேன். புகாரை நான்காகக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

பெயர் அட்டைகள் எங்கே என்று தலைமை ஆசிரியை என்னைப் பார்வையாலேயே எரித்தார். அதிகாரி வடக்குச் சுவருக்கு வந்ததும், போயும் போயும் கீழிருந்து இரண்டாவது வரிசையில் குனிந்தார். "இது ஏன் இப்படி இருக்கு? யாரு போட்டது?"

பத்து நிமிஷப் பேச்சு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. குகைகள், விரல்கள், எல்லாம். "தெரியாது சார்" என்றேன். "பழைய குகையிலயும் யாரு போட்டதுன்னு தெரியாது." அவர் தலையாட்டிவிட்டு ஐந்தாம் வகுப்பின் பூஜாடிகளுக்கு நகர்ந்து, ஆகா ஓகோ என்றார். பூஜாடியாம்! ஒரே ஜாடியை முப்பது தடவை பார்த்து என்ன ஆகா வேண்டிக்கிடக்கிறது?

நாலு மணிக்கு ஜன்னலோரம் அம்மாவோடு வந்தாள்.

"என்னுது எது, கண்டுபிடி பாப்போம்!"

அம்மாவுக்குத் தெரியாதா என்ன? முதலில் மேல் வரிசையில் ஒன்றைக் காட்டினாள். பிறகு கோடியில் இன்னொன்றை. "இல்லவே இல்ல!" என்று குதித்தாள் பெண். "தோத்துட்டேன், நீயே சொல்லு" என்றாள் அம்மா.

ஜன்னலோரம் அக்கம்பக்கம் பார்த்தாள். ஹால் நிறைய ஆட்கள். கவுன் பையிலிருந்து இடது கையை எடுத்து, தாளில் இருந்த கையின்மேல் பொருத்தி வைத்தாள்.

நான் அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலின் மேல் நின்று, கோணாத ஒரு தாளை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. வாயே திறக்கவில்லை.