சிடுமூஞ்சியின் மூன்றாம் பாடம்

திருகோணமலை
10.06.2006

அன்புள்ள றுக்கியா,

நலம். உன் சுகமறிய ஆவல். மூதூர் வகுப்புக்கான இன்டர்நெற் பாடங்களை எழுதி, லோஞ்சுப் படகில் வரும் முனாப் நானாவிடம் கொடுத்திருக்கிறேன். முதற்பாடம் மவுஸ் பிடிப்பது. அடுத்தது ஈமெயில் முகவரி எடுப்பது. மூன்றாம் பாடம் கடவுச்சொல். அதில் மட்டும் விளையாடாதே. ஒருவருடையது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது, கட்டிய புருஷனுக்கும்தான். ஆசிரியர் கலாசாலையில் என் பாடக்குறிப்பைப் பார்த்தெழுதியே பாஸ் பண்ணியவள் நீ. அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அன்புடன்,
இராசமலர்

மூதூர்
02.07.2006

அன்பின் மலர்,

வகுப்புக்கு வருபவர்கள் புருஷன்மாரைக் கட்டாருக்கும் சவூதிக்கும் அனுப்பிய பெண்கள். இதுவரை அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவளே நான்தான். றஹ்மா மவுஸை மேசையில் வைக்கப் பயந்து உள்ளங்கையில் வைத்திருக்கிறாள்.

மூன்றாம் பாடம்தான் சரிவரவில்லை. நீ எழுதியதைக் கரும்பலகையில் அப்படியே போட்டேன். உடனே றஹ்மா எழும்பி, "டீச்சர், நான் மறந்துபோனா ஆர் சொல்லுற? நீங்க கேட்டு வைங்க" என்று எல்லோருக்கும் கேட்கத் தன் சொல்லைச் சொன்னாள். மற்றவர்களும் வரிசையாகச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. என்றாலும் அவள் சொன்னது நியாயம்தானே?

என்னுடையதை நீ வைத்துக்கொள்: விடுதியில் நான் உனக்கு வைத்த பெயர், ஆங்கில எழுத்தில்.

உன்,
றுக்கியா

திருகோணமலை
12.07.2006

அன்புள்ள றுக்கியா,

கடிதம் கண்டு கோபம் வந்தது. ஒருத்தியின் கடிதத்தை இன்னொருத்தி வாசித்துச் சண்டை வந்தால் பழி உன் தலையில்தான். எல்லோரையும் மாற்றச் சொல். நீயும் மாற்று. அதுவரை அடுத்த பாடம் வராது.

சிடுமூஞ்சி என்ற பெயரை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது. சந்தோஷம்.

இராசமலர்

திருகோணமலை
06.08.2006

றுக்கியா,

மூதூரில் ஷெல் விழுகிறது. லோஞ்சு ஓடவில்லை, டெலிபோனும் இல்லை. இதைக் கொடுத்துவிட ஆளில்லாமல்தான் எழுதுகிறேன். சனம் கந்தளாய்ப் பக்கம் நடக்கிறதாம். நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். அப்படி ஏசியிருக்கக்கூடாது.

நாளைக்கு இன்டர்நெற் கடை திறந்தால் உன் ஈமெயில் பெட்டிக்குள் போய்ப் பார்க்கப் போகிறேன். யாருக்காவது எழுதியிருப்பாய். கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் உள்ளே போக ஏலாது. நீ என் பேச்சை ஒருநாளும் கேட்டவளில்லை. இதிலும் கேட்டிருக்காதே.

மலர்

அனுப்புநர்: றுக்கியா
பெறுநர்: றுக்கியா
06.08.2006

மலர்,

கந்தளாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். இங்குள்ள கம்பியூட்டரில் இன்டர்நெற் வருகிறது. உம்மாவும் நானும் சுகம். உன் முகவரி எழுதிய தாள் வீட்டோடு போய்விட்டது. ஞாபகத்தில் இருந்தபடி அனுப்பினேன், திரும்பி வந்தது. இன்டர்நெற் படிப்பிக்கிற நாங்கள் இருவரும் லோஞ்சிலேயே கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தால் வேறென்ன நடக்கும்? அதனால் எனக்கே எழுதுகிறேன். நீ வந்து திறப்பாய்.

மாற்றச் சொன்னாய்; நான் மாற்றவில்லை. ஏசாதே. றஹ்மா இங்கே வந்து தன் சொல்லை மறந்துவிட்டாள். பக்கத்துப் பாயில் இருந்தவள் சொல்லிக் கொடுத்தாள். "உயிரோட இருக்கன்" என்று கட்டாருக்கு அவளே அடித்து அனுப்பினாள்.

றுக்கியா

திருகோணமலை
07.08.2006

றுக்கியா,

உன் பெட்டிக்குள் இருந்தே எழுதுகிறேன். இன்டர்நெற் கடையில் எல்லோரும் பார்க்க அழுதுவிட்டேன்.

மூன்றாம் பாடத்தைத் திருத்திவிட்டேன்: கடவுச்சொல்லை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வைக்கவும்.

என் முகவரியில் பெயருக்கு நடுவே புள்ளி இருக்கிறது, கோடில்லை. என் கடவுச்சொல் உன் பெயர். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

சிடுமூஞ்சி