பண்ணை வீட்டுக் கிணற்றுப் பக்கம்

மார்ச் 4, 2002, திங்கள்

இரவெல்லாம் மழை. சான் ரமோன் தாண்டி எங்கள் கம்பெனி நிலம் முழுக்கச் சேறு. ஷூ போச்சு.

வாங்க: பூட்ஸ், பால், ஆயிஷாவுக்குக் காய்ச்சல் மருந்து.

நிலத்தில் ஒரு பாழடைந்த பண்ணை வீடு. புது வீடுகள் கட்டுமுன் தோண்டிப் பார்த்தாக வேண்டும், சட்டம். தோண்டுவது லிண்டாவின் தொல்லியல் குழு. தோண்ட வேண்டிய எல்லைக்குக் கொடி நட, மேற்பார்வை பார்க்க, கம்பெனி சார்பில் நான். படித்தது சிவில். பிரஷ்ஷால் மண்ணைத் துடைப்பதைப் பார்க்கப் பொறுமை இல்லை.

தரை மட்டும் பிடித்தது. மேலே மெக்சிகோக்காரர்கள் ஒட்டிய பூப்போட்ட லினோலியம். அதன் கீழ் ஜப்பானியக் குத்தகைக் குடும்பத்தின் பலகை. அடியில், மண்சுவர் எழுப்பிய போர்த்துகீசியரின் மண்தரை. அடுப்பு மூன்று வீட்டாருக்கும் ஒரே மூலையில்.

மார்ச் 6, புதன்

வெயில். கென் என்ற முதியவர் சன்னிவேலிலிருந்து தானே கார் ஓட்டி வந்தார். அந்த ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளை. இங்கேதான் பிறந்தாராம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு இங்கிருந்த ஜப்பானியரையெல்லாம் முகாமுக்குக் கொண்டுபோனபோது ஏழு வயது. கையில் தூக்க முடிந்ததுதான் அனுமதி. மீதியை அம்மா கிணற்றுப் பக்கம் புதைத்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கிண்ணங்கள். இறந்துபோன தங்கையின் பொம்மை. திரும்பி வந்தபோது வீட்டில் வேறு குடும்பம். கதவைத் தட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை.

"கிணற்றுப் பக்கம் தோண்டுவீர்களா?" என்று கேட்டார். லிண்டா என்னைப் பார்த்தாள். பிளானைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்த்தேன். கிணறு எல்லைக்கு உள்ளேதான்.

மார்ச் 7, வியாழன்

மேனேஜர் சுந்தர், கோயம்புத்தூர்க்காரர். என் கிரீன் கார்டு பேப்பர் அவர் மேஜையில்.

"கிணத்துப் பக்கம் கை வெச்சாங்கன்னா ஒரு மாசம் இழுத்துருவாங்க. டிரெய்னேஜ் லைன் அங்கதானுங்க போகுது. அந்தம்மா கேட்டா எல்லைக்கு வெளியன்னு சொல்லிருங்க."

"பிளான்ல உள்ள இருக்கே சார்."

"உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை கெடைக்கலீங்கள்ல?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

மத்தியானம் லிண்டா கேட்டாள். "வெளியே" என்றேன். உடனே நம்பிவிட்டாள்.

வீட்டில் மீன் குழம்பு. லே-ஆஃப் ஆனதிலிருந்து ரஃபீக்தான் சமையல். நடந்ததைச் சொன்னேன்.

"நீ என்ன பண்ணுவ? உன் விசா போச்சுன்னா மூணு பேரும் ஃப்ளைட் ஏற வேண்டியதுதான். விட்டுத் தள்ளு."

திட்டியிருக்கலாம்.

மார்ச் 11, திங்கள்

தலைவலி. லிண்டா குழு வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. போகும்போது எனக்கு ஒரு ஆப்பிள் கேக் வேறு.

சாயங்காலம் கென்னிடமிருந்து போன். எடுக்கவில்லை. மறுபடியும். ஆயிஷா கொண்டுவந்து நீட்டினாள், "உம்மா, யுவர் ஃபோன்." கை ஈரம் என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

மேகமூட்டம். டிரெய்னேஜுக்குப் பொக்லைன் இறங்கியது. கிணற்றுப் பக்கம் ஒருமுறை அள்ளியதும் சத்தம். கல் இல்லை. தட்டு உடைகிற சத்தம்.

கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். ஆபரேட்டர் நிறுத்தினார். வாளியின் பல்லில் மரப்பெட்டி பாதி தொங்குகிறது. நீலப்பூப் போட்ட கிண்ணங்கள், எல்லாம் சில்லு சில்லாக. பொம்மையில் தலை மட்டும் முழுசு, துணி உடம்பு மக்கிப்போயிருந்தது. லிண்டாவின் பிரஷ் வந்திருந்தால் ஒன்றுகூட உடைந்திருக்காது.

சுந்தரைக் கேட்கவில்லை. நானே கென்னுக்குப் போன் பண்ணினேன்.

வந்தார். சேற்றிலேயே உட்கார்ந்தார். சில்லுகளைப் பொறுக்கிக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார். பொம்மைத் தலையைக் கைக்குட்டையில் சுற்றினார்.

"இத்தனை வருஷம். மண்ணே உடைத்திருக்கும்," என்றார்.

ஆபரேட்டர் என்னைக் காட்டி, "இவர்தான் ஓடிவந்து நிறுத்தினார். இல்லாவிட்டால் இதுவும் இருக்காது," என்றார்.

கென் எழுந்து வந்து சேற்றுக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. தேங்க் யூ என்றார்.

யூ ஆர் வெல்கம் என்றேன்.