எலிக்கும் குருவிக்கும் எடுத்த வரி

என் பிரியமான அண்ணனுக்கு,

உங்கள் ஆய்வு பத்திரமாக இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அங்கேயும் தவித்துக்கொண்டிருப்பீர்கள்.

அரசாங்கத்துக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கியதிலிருந்து மடுல்சீமைக்கு பஸ் வருவதில்லை. பொலிஸார் எங்கு பார்த்தாலும் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கிளர்ச்சிக்காரர்கள் சீனாவின் ஆட்கள், சீன எழுத்துள்ள காகிதம் அகப்பட்டால் வீட்டில் ஒருவரையும் விடமாட்டார்கள் என்று தோட்டத்து லயம் முழுக்கப் பேச்சு. காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன துக்கம் ஆறும் முன்பே, அப்பா உங்கள் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தார். அழுதுகொண்டேதான் வைத்தார்.

"போனவன் போயிட்டான். இருக்கிறவங்களையும் இது கொண்டு போயிரும்மா" என்றார்.

நீங்கள் தட்டச்சடித்த ஆய்வை மட்டும் நான் எடுத்து ஒளித்தேன். பதுளையில் பல் கட்டும் சீனக்காரரிடம் அவர் மொழியின் முதல் எழுத்தைக் கற்றது முதல், கொழும்பில் வரிச் சட்டம் படிப்பித்த காலம் வரை உங்கள் உழைப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது. பாதை திறந்ததும் லுணுகலை வரை வந்து வாங்கி அச்சுக்குக் கொடுப்பதாக, உங்களோடு படிப்பித்த இராசநாயகம் சேர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

லயத்தைச் சோதிக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, அதை இடுப்பில் கட்டும் சாக்குக்குள் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன். மத்தியானம் மழை பிடித்தது. நனைந்துவிடுமே என்று கூடைக்கு அடியில் வைத்துக் கொழுந்தால் மூடினேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கொட்டகையில் கூடையைக் கவிழ்ப்பார்கள் என்பது எனக்கு ஏன் தோன்றாமல் போனது, அண்ணே?

கொழுந்தோடு அதுவும் தரையில் விழுந்தது.

"கூடையில கல்லுப் போட்டவளைப் பாத்திருக்கேன். பொஸ்தகம் போட்டவ நீதான்டி" என்றார் தராசில் நிறுக்கும் கணக்கப்பிள்ளை.

பெண்கள் சிரித்தார்கள். சோதனைக்கு வந்து, தேநீர் குடிக்க அங்கே ஒதுங்கியிருந்த பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. எடுத்துப் புரட்டினார். இடையில் நீங்கள் கையால் எழுதிய சீன எழுத்தின் மேல் விரல் நின்றது. சிங்களத்தில் என்னவோ கேட்டார்.

"இது என்னான்னு கேக்கிறாரு. வாயத் தொறந்து சொல்லு புள்ள" என்றார் கணக்கப்பிள்ளை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு என்ன தெரியும்? லீவில் வந்தபோது நீங்கள் சொன்ன ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

"வரியப் பத்தி அண்ணன் எழுதினதுங்க. சீனாவுல அந்தக் காலத்துல..."

"சத்தமா!" என்று அதட்டினார்.

"வரி நெல்லு அளக்கிறப்ப, எலியும் குருவியும் தின்னுரும்னு சொல்லி மேல கொஞ்சம் எடுப்பாங்களாம். எலி இருந்தாலும் இல்லாட்டியும் எடுப்பாங்களாம்."

"நம்ம கணக்கப்பிள்ளை ஐயா வெயில் நாள்லயும் ஈரத்துக்குன்னு நிறையில வெட்டுற மாதிரி" என்றார் பின்னால் நின்ற செல்லம்மா அக்கா.

பொலிஸ்காரர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். அவர்தான் மொழிபெயர்க்க வேண்டும். தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பாவும் நானும் ஜீப்பில் ஏறியிருப்போம். அவர் என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் பேசத் தொடங்கினார். எலி, குருவி இரண்டுக்கும் சிங்களத்தில் எனக்குச் சொல் தெரியும். இரண்டும் காதில் விழுந்தன. கடைசியில் தராசைக் காட்டி, அந்த எலி நான்தான் என்பதுபோல் தன் நெஞ்சையும் தொட்டுக் காட்டினார்.

பொலிஸ்காரர் தேநீர் சிந்தச் சிரித்தார். ஆய்வைக் கொழுந்தின் மேலேயே போட்டுவிட்டுப் போனார்.

"ஈரத்துக்கு மூணு றாத்தல், பொஸ்தகத்துக்கு ரெண்டு. வெட்டியாச்சு, போ" என்ற கணக்கப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி, "இனிமே மலைக்குக் கொண்டாராத தாயி" என்றார்.

ஏன் காப்பாற்றினார்? பயமா, வெட்கமா? மறுநாளும் ஈரத்துக்கு வெட்டத்தான் செய்தார். நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்கள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நிறுத்துவிட்டு வரும்போது பெண்கள் அவர் காதுபடவே கேட்டுக்கொள்கிறார்கள்: "இன்னைக்குக் குருவி எவ்வளவு தின்னுச்சுடி?"

ஜீப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆய்வு இருக்கும் இடம் அப்பாவுக்குக்கூடத் தெரியாது, இங்கேயும் எழுதமாட்டேன். பாதை திறக்கிற அன்று லுணுகலைக்கு நானே நடந்துபோய் இராசநாயகம் சேர் கையில் கொடுப்பேன். வழியில் யார் மறித்து இது என்ன என்று கேட்டாலும், சத்தமாகச் சொல்வேன்.

உங்கள் ஒரே தங்கச்சி,
பாக்கியம்