பாளை மார்க்கெட்டில் நிற்கும் பஸ்

ஆடி மூன்றாம் வெள்ளி, இரவு.

ஐந்தாம் வகுப்பின் வாரத் தேர்வுத் தாள்களுக்கு மதிப்பெண் போட்டு முடித்தேன். தூக்கம் வரவில்லை, சிரிப்புதான் வருகிறது.

சீவலப்பேரியில் 8.10க்குக் கிளம்பும் டவுன் பஸ் ஐம்பது நிமிடம் ஓடி ஜங்ஷனுக்கு எத்தனை மணிக்குச் சேரும் என்று கேட்டிருந்தேன். விடை ஒன்பது மணி. பதினொரு பேர் 9.10 என்று எழுதியிருந்தார்கள். பார்த்து எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, மதியம் அத்தனை பேரையும் நிற்க வைத்துச் சத்தம் போட்டேன். இசக்கியம்மாள் மட்டும் தலையைக் குனியவில்லை.

“பாளை மார்க்கெட்ல பஸ் பத்து நிமிசம் நிக்கும்லா டீச்சர். எங்கம்மா கீரைக்கட்டு இறக்க வேண்டாமா?”

மற்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று வருடமாக அதே பஸ்ஸின் சாயங்கால நடையில்தான் வீட்டுக்கு வருகிறேன். பாளை வருவதற்குள் தூங்கிவிடுவேன். இன்று சாயங்காலம் தூங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டில் கூடைகள் இறங்கின, கண்டக்டர் டீ குடித்தார். சரியாகப் பத்து நிமிடம்.

பதினொரு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை அவர்களிடம் என் தப்பையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அடுத்த மாதம் பருவத் தேர்வு. கேள்வித்தாள் வெளியிலிருந்து வரும், அதில் ஒன்பது என்றால் ஒன்பதுதான். அதனால் இன்று பள்ளி விடும் மணி அடித்ததும், “பரீட்சையில வர்ற பஸ் எங்கயும் நிக்காது, ஞாபகம் வச்சுக்கோங்க” என்று சொல்லித்தான் அனுப்பினேன். இசக்கி வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“நிக்காட்டா ஆளுக எப்படி டீச்சர் ஏறுவாக?”