ஹரி மேல் விழுந்த சிவப்புக் கட்டம்

10.2.2003, திங்கள்

கரண்ட் வந்ததும் அண்ணாச்சி வாங்கி வந்த புது ஆன்டிவைரஸ் சிடியைப் போட்டேன். எங்க பிரஸ் முதலாளி சாமித்துரை அண்ணாச்சிக்கு எந்நேரமும் பயம், தீப்பெட்டி லேபிள் டிசைனை எவனாவது திருடிருவான்னு. போட்ட கையோடு திரையில் சிவப்புக் கட்டம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு புரோகிராம் பிடிக்கிறது, அழிக்கவா என்று கேட்கிறது. பார்த்தால், என் பக்கத்து சீட் ஹரி எழுதின தமிழ் டைப்பிங் புரோகிராம்! அண்ணாச்சியும் எட்டிப் பார்த்துவிட்டார். என் நேரம்.

11.2.2003

போன மாசம் இன்னொரு பிரஸ்ஸில் எங்க மயில் லேபிள் மாதிரியே ஒன்று வந்தது. அண்ணாச்சி ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டார்.

"ஏலே, வேவு பாக்கவா இங்கன வந்தே?" அத்தனை பேர் முன்னாலயும்.

"அண்ணாச்சி, தட்டுற கீயைப் பிடிச்சாத்தான் தமிழ் எழுத்தா மாத்த முடியும். திருட்டு புரோகிராமும் அப்படித்தான் பிடிக்கும். அதான் சந்தேகப்படுது," என்றான் ஹரி. யாரு கேக்கா?

"சுதா, அழிச்சிரு."

நான் அழிக்கல. விசாரிக்காம அழிக்க மாட்டேன்னுட்டேன். இந்தக் கம்ப்யூட்டருக்கு நெட்டே கிடையாது, எப்படி அனுப்புவான்னும் கேட்டேன். "பிளாப்பில கொண்டு போவான்லா"ங்காரு. இந்த மனுசனை என்ன செய்ய? ஹரி தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

12.2.2003

ஒருவேளை நெசமா இருந்தா? — ச்சீ. நானும் நினைச்சிட்டேனே.

13.2.2003

ஹரி புரோகிராமை பிளாப்பியில் பிரவுசிங் சென்டருக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்த வேறொரு ஆன்டிவைரஸ் அதை ஒன்றும் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி என்ன? எங்க ஆன்டிவைரஸ் சிடி கம்பெனிக்கே புரோகிராமை மெயிலில் அனுப்பி, சோதித்துச் சொல்லக் கேட்டுவிட்டேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

18.2.2003

பதில் வந்துவிட்டது! தவறான எச்சரிக்கையாம், அடுத்த அப்டேட்டில் சரி செய்கிறார்களாம். பிரிண்ட் எடுத்து அண்ணாச்சி முன்னால் வைத்தேன். ரெண்டு தடவை படித்தார்.

"சரி, அவனை வரச் சொல்லு."

சரியாம் சரி! வாய் கூசலையா இவருக்கு?

சாயங்காலம் ஹரி வீட்டுக்குப் போனேன். பையில் சட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். திருப்பூருக்குப் போகிறானாம்.

"மெஷின் சொன்னதும் நம்புனாரு. நான் சொன்னதை நம்பல. இப்ப இன்னொரு காயிதம் சொல்லித்தான் நான் நல்லவனாக்கும்? வரல சுதா. நீயாவது அழிக்காம வச்சிருந்தியே, அது போதும்."

மினி பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். யார் பார்த்தா என்ன.

20.3.2003

ஒரு தீப்பெட்டி கம்பெனிக்காரர் தந்த பிளாப்பியைப் போட்டதும் மறுபடி சிவப்புக் கட்டம். அண்ணாச்சி ஓடி வந்தார். அழின்னும் சொல்லல, விடுன்னும் சொல்லல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹரிட்ட ஒரு வார்த்தை கேளு தாயி."

"அவன் திருப்பூர்ல எங்கன இருக்கான்னு தெரியாதே அண்ணாச்சி."

அவர் ஹரியின் நாற்காலியில் உட்கார்ந்தார். ரெண்டு பேரும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.