கறுத்ததும் வெட்டிய திராட்சை

அன்பு மாறாத மாமாவுக்கு,

உங்கள் வருடத் திதி போன மாதம் முடிந்தது. வத்தல்மலையில் பனி வழக்கம்போலத்தான். கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்று, இந்தக் குளிரை நம்பி நீங்கள் வைத்த ஒயின் திராட்சைக் கொடிகள் நன்றாக இருக்கின்றன. அக்காவும் நன்றாக இருக்கிறாள், என்னைத் திட்டும் அளவுக்கு.

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அறுவடையை என்னிடம் விட்டீர்கள். மலைக்குக் கீழே நல்லம்பள்ளியில் இருபது வருடமாகப் பன்னீர் திராட்சைப் பந்தல் போடுகிறவன் என்ற திமிர் எனக்கு. பழம் கறுத்ததும் வெட்டிவிட்டேன். கீழே வெயிலில் இனிப்பு முந்திக்கொள்ளும், நிறம் பிந்தும். முழுக்கக் கறுத்தால் பழுத்துவிட்டது என்று அர்த்தம். மேலே குளிர் நிறத்தை முதலில் ஏற்றிவிடுகிறது. புளிப்பு இறங்க இன்னும் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அது எனக்கு அப்போது தெரியாது.

வாங்க வந்த ஒயின் ஆலைக்காரர் ஒரு விதையைக் கடித்துத் துப்பினார். "நெறம் இருக்குதுங்க, வெத இன்னும் பச்சைங்க. யாருங்க வெட்டச் சொன்னது?" வேனைக் காலியாகவே திருப்பிக்கொண்டு போனார்.

உங்களிடம் வந்து நான் சொன்னது வேறு. "இந்தக் குளிருக்குத் திராட்சை ஒத்து வராதுங்க மாமா." நீங்கள் சுவரைப் பார்த்தபடி, "அப்ப நாந்தான் தப்பா நெனச்சுட்டேனாட்ட இருக்குது" என்றீர்கள். நாலாம் நாள் போய்விட்டீர்கள். அந்த நாலு நாளில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

இந்த வருடம் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "இப்பவும் புளிச்சுதுன்னா எல்லாத்தையும் புடுங்கிட்டுக் காப்பிச் செடி வெச்சுருவேன்." பழம் கறுத்தது. கை கத்தரிக்கோலுக்குப் போனது, அடக்கிக்கொண்டேன். குருவி விரட்டினேன். தினமும் ஒரு விதை கடித்தேன். பல நாள் பச்சையும் கசப்பும்தான். பத்தொன்பதாம் நாள் காலையில் பழுப்பு விதை மொறுக்கென்று உடைந்தது.

அக்காவும் கடித்துப் பார்த்தாள். "இதுக்குத்தான் அவரு மலையேறி வந்தாரா?" என்றாள். அப்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு குலையை வெட்டி உங்கள் படத்தின் முன்னால் வைத்துவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேன் நிரம்பி மலையிறங்கியது.

குளிர் ஏமாற்றவில்லை மாமா. நீங்கள் நினைத்தது சரிதான். அதை உங்கள் காதில் போட முடியவில்லையே என்று வலிக்கிறது. இனி அக்கா விதையைக் கடித்துத் தலையாட்டிய பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவேன்.

உங்களிடம் பொய் சொன்ன,
உங்கள் மச்சினன்.