எருமை குடித்த தண்ணீர்

12.2.98, வியாழன்

தோல் பதனிடும் ஆலைக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரை இன்று லேபில் மூன்று தடவை சோதித்துவிட்டேன். மூன்று தடவையும் ஒரே முடிவு. எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது. ஆலைக் கழிவு கலக்கிறது என்று புகார் கொடுத்த பஞ்சவர்ணத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?

நேற்று ஓடையில் பாட்டிலை நிரப்பும்போது அந்தம்மா எருமையை ஓட்டிக்கொண்டு வந்தார். அது மடமடவென்று குடித்தது. எனக்கு நிம்மதி.

“பாரும்மா, மாடே குடிக்குதே” என்றேன்.

“அதத்தான் சார் நானும் சொல்றேன். எந்நாளும் மோந்து பாத்துட்டுத் திரும்பிரும். இன்னைக்குக் குடிக்குதுன்னா இது அந்தத் தண்ணி இல்ல. நீங்க வாரது ஆலைக்காரங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

நாங்கள்தான் கடிதம் போட்டோம். இரண்டு தரப்புக்கும் பத்து நாள் முன்பே தெரிவித்துவிட்டுத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் நடைமுறை.

எருமை விஷயத்தைச் சொல்லி, யாருக்கும் சொல்லாமல் போய் இன்னொரு தடவை எடுத்து வரட்டுமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.

“டெஸ்ட்டுதான் சரியா வந்துருச்சுல்ல? எருமை சொல்லுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதப் போறீங்களா?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எருமை தினமும் சோதிக்கிறது. நான் சோதித்தது ஒரே ஒரு நாளை.

ஆலைக்காரர்கள் நாளைக்கே அறிக்கையின் நகல் கேட்டிருக்கிறார்கள். அதை வைத்தே அந்தம்மா வாயை அடைத்துவிடுவார்கள். அப்புறம் எருமை மறுபடியும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பும்...

காலையில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். எங்காவது தப்பு இருக்காதா என்று அறிக்கையை இப்போதும் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை.